மூடுபனியில் தூரம் ஏன் பிசகுகிறது? பொருளைப் பற்றிய அறிவும் ஆழப் பார்வையும்

#1 வட்டவளை_பௌதிகம்

உயர்தரப் பிள்ளைகளின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஆழப் பார்வை பற்றி ஒரு மேசை போட வேண்டும். இரண்டு கண்ணிலும் விழும் பிம்பம் சற்று வேறுபடும், மூளை அதிலிருந்து ஆழத்தை எடுத்துக்கொள்ளும் என்பதோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அடுத்த படி வேண்டும். எதிரே இருப்பது இன்ன பொருள், அதன் வழக்கமான அளவு இன்னது என்று தெரிந்திருந்தால், அந்த அறிவு தூரம் கண்ணுக்குத் தெரியும் விதத்தையே மாற்றுமா? அல்லது பார்த்து முடித்த பிறகு நாம் போடும் கணக்கு மட்டும்தானா? குறைந்த செலவில் மேசையில் வைத்துக் காட்ட வழி உண்டா? கினிகத்தேனையிலிருந்து நானுஓயா வரை பனி இறங்கும்போது வாகனங்களின் தூரம் பிசகுவதற்கும் இதற்கும் தொடர்பு இருந்தால் அதையும் சேர்க்கலாம்.

#2 கண்மணி_நுவரெலியா

வணக்கம் சேர். முதலில் கேத்திரகணிதம். விழித்திரைக்குக் கிடைப்பது கோணம் மட்டும்தான். 2 மீட்டர் உயரப் பொருள் 20 மீட்டரில் நின்றாலும் 4 மீட்டர் உயரப் பொருள் 40 மீட்டரில் நின்றாலும் கோணம் ஒன்றே, ஏறக்குறைய 5.7 பாகை. அளவு தெரிந்தால் தூரம் வந்துவிடும், தூரம் தெரிந்தால் அளவு வந்துவிடும். இரண்டும் தெரியாவிட்டால் மூளை எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பழக்கமான அளவுக்கு எவ்வளவு செல்வாக்கு என்பது மற்றத் தடயங்கள் எவ்வளவு பலமாக இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. கண் வில்லையின் குவிவு மாற்றம் 2 மீட்டர் வரைக்கும்தான் ஏதாவது சொல்லும். இரு கண்களும் உள்நோக்கித் திரும்புவதும் சில மீட்டரோடு சரி. இரு கண் பிம்ப வேறுபாடு இவற்றைவிட நீண்ட தூரம் போகும், ஆனால் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பப் பலவீனமாகும். இரண்டு கண்மணிகளுக்கும் இடைவெளி 63 மில்லிமீட்டர், பிரித்தறியும் எல்லை 20 கோண விநாடி (ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு ஒரு கோண விநாடி) என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 1 மீட்டரில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழ வித்தியாசம் தெரியும். 10 மீட்டரில் 15 சென்டிமீட்டர். 100 மீட்டரில் 15 மீட்டர். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் 300 மீட்டரில் ஒரு லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) இருக்கிறதென்றால், அதன் முன்னால் கிட்டத்தட்ட 95 மீட்டர் வரையும் பின்னால் 250 மீட்டருக்கு மேலும் இரு கண் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஆக மேசை மேல் இருக்கும் தேநீர்க் கோப்பைக்கு உங்கள் அறிவு தேவையே இல்லை. எதிர்மலைக்கு அது தேவை.

#3 மாற்றுக்கருத்து

கணக்கு சரி. ஆனால் சேர் கேட்டது வேறு. கோணம் தெரியும், அளவு ஞாபகத்தில் இருக்கிறது, வகுத்து விடை சொல்கிறோம். வாயால் சொல்லும் தூரம் மாறியதற்காகக் கண்ணுக்குத் தெரிந்ததும் மாறியது என்று எப்படிச் சொல்ல முடியும்? பார்வை ஆய்வாளர் வால்டர் கோகல் பல காலம் வாதாடியது இதற்குத்தான். பழக்கமான அளவின் விளைவில் பெரும் பங்கு அனுமானம், பார்வை அல்ல என்பது அவர் கட்சி. தலையை அசைக்கும்போது பொருள் கூடவே நகர்வதுபோல் தெரிகிறதா என்பதை வைத்து, உண்மையில் உணர்ந்த தூரத்தை மறைமுகமாக அளந்தார். வாயால் சொன்ன தூரமும் அந்த அளவும் ஒத்துப்போகவில்லை.

#4 கண்மணி_நுவரெலியா

கோகல் சொன்னதைத் தள்ள முடியாதுதான். இருந்தாலும் ஆதாரங்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

இட்டல்சன் 1951-இல் விளையாட்டுச் சீட்டுகளை வைத்துச் செய்தார். வழக்கமான அளவு, பாதி அளவு, இரட்டை அளவு என்று மூன்றையும் ஒரே தூரத்தில், இருட்டில், ஒற்றைக் கண்ணுக்குக் காட்டினார். இரட்டை அளவுச் சீட்டு கிட்டத்திலும் பாதிச் சீட்டு தூரத்திலும் தெரிந்தன. எப்ஸ்டைன் 1965-இல் எதிர்ப்பக்கமாக வந்தார். அமெரிக்காவின் டைம், குவார்ட்டர், அரை டொலர் மூன்று நாணயங்களின் படங்களையும் ஒரே அளவில் அச்சடித்து, ஒரே தூரத்தில் வைத்தார். அசலில் டைம் சிறியது, ஆகவே அதன் படம் மிகக் கிட்டத்தில் தெரிந்தது. பெரிய அரை டொலர் மிகத் தூரத்தில். இரண்டு கண்ணையும் திறந்ததும் இந்த வித்தியாசம் மறைந்துபோனது. அதை மறக்க வேண்டாம்.

இதெல்லாம் வாய்க்கணக்கு என்பீர்கள். அப்படியானால் குழந்தைகளைப் பாருங்கள். கிரன்ரூட், ஹாக், யோனாஸ் மூவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் ஒரு சிறிய பொருளோடும் ஒரு பெரிய பொருளோடும் விளையாடிப் பழகினார்கள். பிறகு இரண்டையும் ஒரே அளவில் காட்டினார்கள். 7 மாதக் குழந்தைகள், ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது, முன்பு சிறியதாக இருந்த பொருளைக் கிட்டத்தில் இருப்பதாக எடுத்து அதன் பக்கம் கூடுதலாகக் கை நீட்டினார்கள். 5 மாதக் குழந்தைகளிடம் அது இல்லை. வகுத்தல் கணக்குப் போடும் வயதா அது?

இன்னொன்று 1998. பியூல்தோஃப் தம்பதியரும் பவன் சின்ஹாவும், நடக்கும் மனிதனின் மூட்டுகளை மட்டும் ஒளிப்புள்ளிகளாகக் காட்டி, அந்தப் புள்ளிகளின் இரு கண் ஆழத்தை வேண்டுமென்றே குழப்பிவிட்டார்கள். முழங்கால் ஓரிடம், தோள் வேறிடம். பார்த்தவர்கள் அந்தக் குழப்பத்தைக் கவனிக்கவே இல்லை. ஒழுங்கான மனித உடலைத்தான் பார்த்தார்கள். கைகால் எங்கே இருக்கும் என்ற அறிவு, இரு கண் தகவலையே அமுக்கிவிட்டது.

#5 மாற்றுக்கருத்து

கடைசி ஆதாரத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வடிவத்தைப் பற்றிய அறிவு, அளவைப் பற்றியது அல்ல. இரண்டையும் ஒரே சாக்கில் போட வேண்டாம். ஒரு பொருளுக்கு உள்ளே எது முன்னால், எது பின்னால் என்பதை வடிவ அறிவு பலமாக ஆளும். அந்தப் பொருள் நம்மிடமிருந்து எத்தனை மீட்டர் என்பதில் அளவு அறிவு பலவீனம். சேரின் மேசையிலும் இவை இரண்டு தனிப் பரிசோதனைகளாக இருக்கட்டும்.

#6 தலவாக்கலை_சாரதி

பனி விசயத்துக்கு நான் வர்றேன் சேர். நீங்க சொன்ன கினிகத்தேனை-நானுஓயா ரோடு, அந்த A7 பாதையை வச்சே கணக்குப் பாருங்க.

முன்னால போற ஆட்டோவோட பின்னுக்கு ரெண்டு சிவப்பு லைட். ரெண்டுக்கும் இடைவெளி 1.1 மீட்டர்னு வைங்க. பஸ்ஸுக்கு 2.2. பனியில உடம்பு தெரியாது, லைட் ரெண்டு மட்டும்தான் தெரியும். 25 மீட்டர்ல இருக்கிற ஆட்டோவும் 50 மீட்டர்ல இருக்கிற பஸ்ஸும் கண்ணுக்கு ஒரே கோணம், ரெண்டரைப் பாகை. "பஸ் போகுது"ன்னு மனசுல பதிஞ்சிருந்தா 25 மீட்டரை 50 மீட்டரா எடுத்துக்குவீங்க.

இப்ப பிரேக் கணக்கு. 40 கிலோமீட்டர் வேகம்னா விநாடிக்கு 11 மீட்டர். சுதாரிக்க ஒன்றரை விநாடி, அதுலயே 17 மீட்டர் போயிடும். ஈர ரோட்டுல உராய்வு 0.4, இறக்கம் 8 சதவீதம்னா நிக்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 37. உண்மையில இருக்கிறது 25. அதே இறக்கத்துல 25 கிலோமீட்டர் வேகம்னா 18 மீட்டர்ல நின்னுடலாம். மத்ததை நீங்களே பார்த்துக்குங்க.

ஒரு லைட் எரியாத வண்டிதான் இதைவிட மோசம். இடைவெளியே இல்லாததால கோணமும் இல்ல, மூளை அதை மோட்டார் சைக்கிள்னு எடுத்துக்கும். எதிர்ல லொறி ஒத்தை ஹெட்லைட்டோட வந்தாலும் அப்படித்தான், அதோட அகலம் எந்தப் பக்கம் நீளுதுன்னே தெரியாது. ஆட்டோவுக்கு உண்மையான அகலத்தைக் காட்டுற மாதிரி ரெண்டு ஓரத்துலயும் பிரதிபலிப்புப் பட்டி ஒட்டினா, அது ஆட்டோதான்னு கண்ணு சட்டுனு பிடிச்சுக்கும்.

#7 கண்மணி_நுவரெலியா

அண்ணன் சொன்னதோடு இன்னொரு பிழையும் அதே திசையில் சேருகிறது. பனி மாறுபாட்டை, அதாவது பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை, குறைக்கிறது, மாறுபாடு குறைந்தால் மூளை அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்கிறது. மாறுபாடு 2 சதவீதமாகக் குறையும் தூரத்தைத்தான் பார்வைத் தூரம் என்று வழக்கமாக வரையறுப்பார்கள். அதில் பாதித் தூரத்திலேயே மாறுபாடு 14 சதவீதத்துக்கு வந்துவிடும். கால்வாசித் தூரத்தில் 38. பார்வைத் தூரம் 100 மீட்டர் என்றால், 50 மீட்டரில் நிற்கும் வாகனம் ஏற்கெனவே மங்கல் உருவம்தான்.

பிரான்சில் கவாலோவும் சகாக்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பனியில் பின்விளக்குகள் உண்மையைவிடத் தூரத்தில் இருப்பதாக மதிப்பிடப்பட்டன. விளக்குகளின் இடைவெளி கூடினால் அந்தப் பிழை குறைந்தது. பிரதிபலிப்புப் பட்டியை ஓரத்தில் ஒட்டச் சொன்னதற்கு இதுவே போதிய நியாயம்.

மலைப்பாதைக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. சமதரையில், அடிவானத்திலிருந்து பொருளின் அடிப்பாகம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பது தூரத்துக்கு நல்ல தடயம். கண் உயரம் 1.6 மீட்டர் என்றால் 20 மீட்டரில் இருப்பது 4.6 பாகை தாழ்ந்து தெரியும். ஏற்றத்தில் இந்தக் கணக்கு உடையும். முன்னால் ஏறும் வாகனம் பார்வையில் மேலே போகிறது, தரையைச் சமம் என்று எடுத்தால் அது தூரத்தில் இருப்பதாக வரும். நல்ல வெளிச்சத்தில் சரிவு கண்ணுக்குத் தெரிவதால் மூளை ஈடு செய்யும். பனியில் அடிவானமும் இல்லை, சரிவும் இல்லை. சரிவைக் கண்ணால் அளப்பதிலும் மனிதர்கள் கெட்டிக்காரர்கள் அல்லர். டெனிஸ் புரொஃபிட் குழுவின் 1995 ஆய்வில் 5 பாகைச் சரிவை 20 பாகை என்றும் 10 பாகையை 30 என்றும் சொன்னார்கள்.

#8 ஹப்புத்தளை_ஒளி

படம் எடுப்பவர்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம். எங்கள் மலைகளுக்கு அளவுகோல் தருவது தேயிலைதான். கவ்வாத்து வெட்டி ஒழுங்காகக் கொழுந்து எடுக்கும் மலையில் செடியின் மட்டம் இடுப்பளவுக்கு மேல் போகாது. நிரைகளுக்கு இடைவெளி சுமார் 1.2 மீட்டர். தூரம் போகப் போக நிரைகள் நெருங்கிக்கொண்டே போவது ஆழத்தைக் கொடுக்கிறது, ஒவ்வொரு செடியின் அளவும் தெரிந்திருப்பது மீட்டர் கணக்கைக் கொடுக்கிறது. கைவிட்ட தேயிலை மலையைப் படம் எடுத்துப் பாருங்கள். வெட்டாத தேயிலை மரமாக வளர்ந்துவிடும். பார்ப்பவன் அதைச் செடி என்றே எடுத்தால் மலை முழுவதும் கிட்டத்தில் வந்து குந்திக்கொள்ளும்.

நீர்வீழ்ச்சிக்கு வழக்கமான அளவு என்று ஒன்று கிடையாது. டெவன் 97 மீட்டர். பக்கத்தில் ஆளோ லயமோ இல்லாமல் எடுத்தால் படத்தில் 20 மீட்டர் அருவி என்றும் சொல்லிவிடலாம். கோச்சிப் (ரயில்) பாதை இதற்கு நேரெதிர். தண்டவாள இடைவெளி எங்கும் 1.676 மீட்டர், கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை மாறாது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் உயரத்தைப் படத்தில் மதிப்பிட வேண்டுமென்றால் கோச்சிப் பெட்டியை அளவாக எடுப்பதுதான் சுலபம்.

மங்கலைக் கூட்டியும் ஏமாற்றலாம். லிப்டன் இருக்கை என்ற மலைப் பார்வையிடத்திலிருந்து கீழே எடுத்த படத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் கணினியில் படிப்படியாக மங்கலாக்கினால் தோட்டம் முழுவதும் பொம்மை போல ஆகிவிடும். குவியம் கிட்டத்தில் இருக்கும்போதுதான் இவ்வளவு மங்கல் வரும், ஆகவே பொருள் கிட்டத்தில் என்று முடிவாகிறது. லயத்தின் உண்மை அளவு தெரிந்திருந்தும் அந்த அறிவு இங்கே தோற்கிறது.

#9 புதுமுகம்_பண்டாரவளை

காட்டை விட்டு வெளியே வந்திராத கென்கே என்பவர், தூரத்தில் மேய்ந்த எருமைகளைப் பார்த்துப் பூச்சி என்று நினைத்தாராமே? பழகாத தூரத்தில் அறிவு வேலை செய்யாது என்பதற்கு அது போதாதா?

#10 மாற்றுக்கருத்து

மானிடவியலாளர் கொலின் டேர்ன்புல் 1961-இல் எழுதிய சம்பவம் அது. ஒரே ஆள், ஒரே இடம், அளவீடு எதுவும் இல்லை. சுவையான கதை, அதன் மேல் கோட்பாடு கட்ட முடியாது. உங்களுக்கு உள்ளூர் உதாரணம் வேண்டுமென்றால் ஓட்டன் சமவெளியில் பனிக்குள் நிற்கும் மரை மானை எடுங்கள். வளர்ந்ததா, குட்டியா என்று தெரியாதவரை "மரை" என்ற அறிவால் தூரம் வராது. ஒரு இனத்துக்குள் அளவு எவ்வளவு விரிந்து கிடக்கிறதோ அந்த அளவுக்குத் தடயமும் தளர்ந்துபோகும். சீட்டுக்கட்டு, நாணயம், தண்டவாளம் எல்லாம் நல்ல தடயங்களாக இருப்பது அவற்றின் அளவு மாறாததால்தான்.

#11 பொகவந்தலாவை_கைவினை

மேசைக்கு முதலில் குழி முகம் செய்யுங்கள் சேர். பார்வை பற்றி ஆராய்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி பிரபலமாக்கியது. முகமூடியின் உட்பக்கத்தைக் காட்டினால் அது குழி என்று தெரிந்தும் மூக்கு வெளியே நீண்ட முகமாகவே தெரியும். நாம் பக்கவாட்டில் நகர்ந்தால் முகம் திரும்பி நம்மைத் தொடரும்.

கடையில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் முகமூடி அப்படியே சரிவராது, வெளிச்சம் ஊடுருவிக் காட்டிக்கொடுக்கும். பிளாஸ்டர் வார்ப்பு நல்லது. முகமூடியை முன்பக்கம் மேலாக ஒரு பெட்டிக்குள் வைத்து, கண் ஓட்டைகளையும் மூக்குத் துவாரங்களையும் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். காது மடல், தாடைக்குக் கீழுள்ள பள்ளம் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். உள்வாங்கிய இடம் ஒன்று மிஞ்சினாலும் வார்ப்பு இறுகிக் கழராது. மேலே வாஸ்லின் மெல்லியதாகப் பூசுங்கள். 1 கிலோ பிளாஸ்டருக்கு 600 முதல் 700 மில்லிலீட்டர் தண்ணீர். தண்ணீருக்குள் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், மாற்றிச் செய்தால் கட்டி விழும். முதலில் மெல்லிய படலமாக ஊற்றிப் பெட்டியைத் தட்டினால் காற்றுக் குமிழ் வெளியேறும், பிறகு மீதியை ஊற்றுங்கள். அரை மணியில் இறுகிவிடும். நுவரெலியாப் பக்கத்து ஈரத்தில் காய்வதற்குத்தான் நாள் பிடிக்கும். ஈரத்தின் மேல் பெயின்ட் அடித்தால் உரியும்.

பெயின்ட் பளபளப்பில்லாததாக இருக்கட்டும். பளபளப்பு இருந்தால், பார்ப்பவர் நகரும்போது ஒளிப்பொட்டு குழிக்கே உரிய விதத்தில் நகர்ந்து குட்டை உடைத்துவிடும். புருவம், கருவிழி, உதடு வரைந்தால் விளைவு கூடும். விளிம்பின் ஆழம் தெரியாதபடி முன்னால் நீள்வட்டம் வெட்டிய கறுப்பு அட்டையை நிறுத்துங்கள்.

#12 கண்மணி_நுவரெலியா

அதோடு விளக்கைக் *கீழே* வையுங்கள். வெளிச்சம் மேலிருந்து வரும் என்று மூளை எடுத்துக்கொள்வதால், கீழிருந்து ஒளிரும் குழியின் நிழல்கள் மேலிருந்து ஒளிரும் உண்மையான முகத்தின் நிழல்களோடு பொருந்திப்போகும். நேரடி டோர்ச் வேண்டாம், மெல்லிய தாள் மறைத்த பல்ப் போதும்.

இரண்டு கண்ணாலும் அரை மீட்டரில் பார்த்தால் பலருக்குக் குழி தெரிந்துவிடும். ஒன்றரை, இரண்டு மீட்டர் பின்வாங்கினால் சட்டென்று முகம் வெளியே வரும். தரையில் கோடு போட்டு, எந்த இடத்தில் மாறியது என்று ஒவ்வொருவரையும் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு முகத்தைத் தலைகீழாகத் திருப்பி அதையே அளங்கள். தலைகீழ் முகத்தில் விளைவு குறையும், பார்ப்பவர் இன்னும் பின்னால் போக வேண்டி வரும். ஒளியும் குழியும் மாறவில்லை, முகம் என்ற பழக்கம் மட்டுமே குறைந்திருக்கிறது. மாற்றுக்கருத்து அண்ணன் கேட்ட வேறுபாட்டுக்கும் இதில் பதில் இருக்கிறது. "இது குழி" என்று வாயால் சொல்லும் அறிவு முகத்தை மாற்றவில்லை. பார்வைக்குள் ஊறிய முக அறிவு வேறு, நாம் சொல்லத் தெரிந்த அறிவு வேறு.

கன்னத்தில் சிறிய ஸ்டிக்கர் ஒன்றை வைத்து விரலால் வேகமாகச் சுண்டச் சொல்லலாம். கிரெகரி, குடேல் உள்ளிட்டோரின் 2006 ஆய்வில் கண்ணுக்கு முகம் புடைத்துத் தெரிந்தபோதும் வேகமான சுண்டல் உண்மையான குழிக்குள் சரியாகப் போனது. மெதுவாகச் சுட்டினால் கை மாயையோடு போகும், அதனால் "சட்டென்று" என்று சொல்லிவிடுங்கள்.

#13 மாற்றுக்கருத்து

கை ஒரு தூரம், கண் ஒரு தூரம். சரி, அதை நான் மேசையில் பார்க்க வேண்டும்.

#14 வட்டவளை_பௌதிகம்

குழி முகம் உறுதி. சீட்டுப் பரிசோதனைக்கு அளவு விவரங்கள் தாருங்கள் டீச்சர். எங்கே பிழைக்கும் என்பதும் வேண்டும்.

#15 கண்மணி_நுவரெலியா

ஒரு சீட்டை ஸ்கேன் செய்து 70, 100, 140 சதவீதத்தில் ஒரே தாளில் அச்சடியுங்கள். மூன்றுக்கும் ஒரே தடிப்பு, ஒரே வெண்மை. கறுப்புத் துணி போர்த்திய 3 மீட்டர் மேசைப் பாதையில், பார்வைத் துளையிலிருந்து 2.5 மீட்டரில் சீட்டு நிற்கட்டும். நூலில் தொங்கவிட வேண்டாம், ஆடும். துளை 1 முதல் 1.5 மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய துளையில் எல்லாத் தூரமும் கூர்மையாகத் தெரிவதால் வில்லையின் குவிவு துப்புக் கொடுக்காது. மறு கண்ணை மூடிவிடுங்கள். நாடியைத் தாங்கியில் வைக்க வேண்டும், தலை ஒரு சென்டிமீட்டர் அசைந்தாலும், கிட்டப் பொருளும் தூரப் பொருளும் வெவ்வேறாக நகர்ந்து தெரியும் இடமாற்றத் தடயம் வந்துவிடும்.

வெளிச்சம் சீட்டின் மேல் மட்டும் விழ வேண்டும். பெரிய சீட்டு அதிக ஒளியைத் திருப்புவதால் அறையே கொஞ்சம் வெளிச்சமாகும். பாதையின் தரை தெரிந்துவிட்டால் பரிசோதனை முடிந்தது, தரையிலிருந்தே தூரத்தைப் படித்துவிடுவார்கள்.

"எத்தனை அடி?" என்று கேட்காதீர்கள், அப்போது கோகல் சொன்ன வாய்க்கணக்குத்தான் கிடைக்கும். பக்கத்தில் வெளிச்சமான இன்னொரு பாதை போட்டு, அதில் ஒரு குச்சியை நூலால் இழுத்துச் சீட்டின் தூரத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒரு சீட்டு மட்டும் காட்டுங்கள். மூன்றையும் அடுத்தடுத்துக் காட்டினால் முந்தியதோடு ஒப்பிட்டுப் பெரியது, சிறியது என்று சொல்லத் தொடங்குவார்கள், அது வேறு தடயம். மூன்று குழுக்களாகப் பிரியுங்கள்.

அறிவு முழுவதும் வேலை செய்தால் 70 சதவீதச் சீட்டு 3.6 மீட்டரிலும் 140 சதவீதச் சீட்டு 1.8 மீட்டரிலும் தெரிய வேண்டும். அதற்காகக் குச்சிப் பாதை 4 மீட்டருக்குக் குறையக் கூடாது. பெரும்பாலும் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்தான் விழும். கட்டுப்பாட்டுக்கு அதே மூன்று அளவில் வெற்று வெள்ளைச் செவ்வகங்களும் காட்டுங்கள், அவற்றிலும் பெரியது கிட்டத்தில் தெரியலாம். சீட்டின் வித்தியாசத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பொருளறிவின் பங்கு.

#16 தலவாக்கலை_சாரதி

சேர், பக்கத்துலயே பின்லைட்டுக்கும் ஒரு இடம் போடுங்க. சின்ன சிவப்பு எல்.ஈ.டி. ரெண்டு, இடைவெளி மாத்துற மாதிரி ஒரு பலகையில. முன்னால பட்டர் பேப்பர் தொங்கவிட்டா பனி ரெடி. 1.1 மீட்டரை 25-ல வகுத்தா வர்ற அதே கோணம் வேணும்னா, 2.5 மீட்டர் தூரத்துல இடைவெளி 11 சென்டிமீட்டர். "இது ஆட்டோ"ன்னு பாதிப் பேருக்கும் "இது பஸ்"ன்னு மீதிப் பேருக்கும் சொல்லிட்டு, ரோட்டுல எத்தனை மீட்டர்னு எழுதச் சொல்லுங்க.

#17 மாற்றுக்கருத்து

அது சொல்லில் வரும் அறிவு அண்ணே. எத்தனை மீட்டர் என்று எழுதச் சொன்னால் வகுத்தல்தான் கிடைக்கும். "பஸ்" என்று சொல்வதற்குப் பதில், பஸ்ஸின் பின்புற உருவத்தை மங்கலாக அச்சடித்து லைட்டுகளுக்குப் பின்னால் வையுங்கள், ஆட்டோவுக்கும் அப்படியே. பதிலையும் டீச்சர் சொன்ன குச்சியாலேயே எடுங்கள்.

#18 தலவாக்கலை_சாரதி

உருவத்தை ரொம்ப மங்கலாக்கிடாதீங்க, அப்புறம் பனியைத்தான் அளப்பீங்க. முதல்ல பட்டர் பேப்பர் இல்லாம ஒரு குழுவுக்குக் காட்டிட்டு, பிறகு ஒரு தாள், அப்புறம் ரெண்டு தாள்.